ஒப்பீட்டுக்கான கேள்வி

மார்ச் 4

அன்பில் குறையாத தம்பிக்கு,

இறையருளால் உடல் நலமே. உள்ளந்தான் நிலையில் இல்லை. நீயும் உன் வீட்டாரும் குறைவின்றி வாழ நாளும் வேண்டிக்கொள்கிறேன்.

எங்கள் தேர்வு அலுவலகத்தில் கேள்வித்தாள் கசிந்ததை நீ செய்தித்தாளில் படித்திருப்பாய். காப்பறைச் சாவி மேலாளரிடமும் என்னிடமும் மட்டுமே இருந்தது. நேற்று இருவருக்கும் பொய் கண்டறியும் சோதனை. மார்பைச் சுற்றிக் குழாய், விரல் நுனியில் உலோக வில்லை, கையில் இரத்த அழுத்தப் பட்டை. முப்பதாண்டு மறை ஓதிய நாவு ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு சொற்களுக்குள் அடங்கியது. கேள்வித்தாளைப் பற்றிக் கேட்டபோது நான் தடுமாறவில்லை. இடையில் வந்த வேறொரு கேள்விக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பட்டையே அதிர்ந்ததுபோல் உணர்ந்தேன்.

முடிவு வரப் பத்து நாளாகும். பாதகமாக வந்தால் வேலையோடு போகாது, வழக்கும் வரும். வணக்கம் சொல்லி வந்தவர்கள் என்னைக் கண்டதும் கோப்பில் முகம் புதைக்கிறார்கள்.

நாள்தோறும் இதயத் துடிப்பின் கோடுகளை எடுப்பவன் நீ. இந்தச் சோதனை எந்திரம் வரையும் கோடுகளை எவ்வளவு நம்பலாம்?

உன் அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

கடிதத்தை இ.சி.ஜி. அறையில் உட்கார்ந்தே படித்தேன். மூன்று வருடமாக ஒரு வரி போடாதவர், சோதனை வந்ததும் தம்பியை நினைத்திருக்கிறீர்கள். அந்த எந்திரத்துக்கு நன்றி.

நான் கையைத் தொட்டாலே பாதிப் பேருக்குத் துடிப்பு ஏறும். வந்தவர் மாடிப்படி ஏறி வந்தாரா, மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்று கோடு சொல்லாது. துடித்தது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஆகவே பயப்படாதீர்கள். அலுவலகப் பேனாவைக்கூடக் கேட்டுவிட்டு எடுக்கிற ஆள் நீங்கள். எனக்கு அந்த முடிவு தேவையில்லை. வேண்டுமானால் விடுப்பு போட்டு வந்து, யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்கிறேன்.

நம்பப்படாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். பழம்பாடல்களுக்கு அப்பா எழுதிய உரைநோட்டைத் தொலைத்தது நான் இல்லை என்று எத்தனை முறை சொன்னேன். கடைசிவரை என்னோடு பேசாமலே போய்ச் சேர்ந்தார். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது.

அண்ணி சொன்னால் சாப்பிடுங்கள்.

உங்கள் தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

முடிவு வந்தது. என்மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

என்னை உலுக்கிய கேள்வியைப் பற்றிச் சோதனை நடத்தியவரிடம் கேட்டேன். அது ஒப்பீட்டுக்காக எல்லாரிடமும் கேட்பதாம். “கேள்வித்தாள் பத்திக் கேட்டதைவிட அதுக்குத்தான் ஐயா நீங்க ரொம்பப் பதறினீங்க. திருடினவருக்கு அப்படியே தலைகீழா இருக்கும். அந்தப் பதற்றந்தான் உங்களைக் காப்பாத்துச்சு” என்று சிரித்தார்.

கேள்வி இது: ‘உங்கள் தவறுக்கு வேறொருவர் பழி சுமக்க விட்டதுண்டா?’ ‘இல்லை’ என்றேன்.

அந்த உரைநோட்டை அலமாரியிலிருந்து எடுத்தவன் நான். கல்லூரித் தோழர்களிடம் காட்டிப் பெருமை கொள்ள எடுத்துச் சென்றேன். பேருந்து இருக்கையில் விட்டு இறங்கினேன். அப்பா என்னை அழைத்து, “தம்பிதான எடுத்தான்?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். நான் தலை குனிந்தேன். அதையே பதிலாகக் கொண்டார். அதன்பின் அவர் வாழ்ந்த பதினோராண்டும் அவரருகே அமர்ந்து காலை வழிபாடு செய்தேன். இதைச் சொல்ல மட்டும் வாய் திறக்கவில்லை.

உனக்கு நான் செய்த தீங்கினால் என் நேர்மை மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. இந்த வெட்கத்தை எங்கே கொண்டு வைப்பேன்? உன் கடிதத்தை மேசைமேல் வைத்திருக்கிறேன். ‘எனக்கு அந்த முடிவு தேவையில்லை’ என்னும் வரியைத் தாண்ட முடியவில்லை.

இம்மாதக் கடைசி ஞாயிறன்று உன் வீட்டுக்கு வந்து, உன் பிள்ளைகள் அறிய இதைச் சொல்ல விரும்புகிறேன். வரலாமா?

அண்ணன் என்று எழுதக் கூசும்,
உன் அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

கடிதம் கிடைத்தது. வேலை தப்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

வீட்டில் படித்துக் காட்டினேன். மகள் மட்டும், “நம்ம பெரியப்பாவா?” என்று இரண்டு தடவை கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். எப்போது வரலாம் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

உங்களை விசாரிக்க ஓர் எந்திரமாவது வைத்தார்கள். என்னை விசாரிக்க அப்பாவிடம் எந்திரம் ஏதும் இல்லை. நீங்கள்தான் இருந்தீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி