ஒரு ஓட்டுக்கு எட்டுப் பேர்

அயனம்பாக்கம்,
9-2-1989

அன்பு மகள் சொர்ணத்துக்கு அப்பா துலுக்கானம் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, குப்பம்மா அத்தை மூவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை லட்சுமணனும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பிள்ளைக்குச் சளி இன்னும் விடவில்லை என்று எழுதியிருக்கிறாய், ஜபல்பூர் குளிர் நம் ஊர்க் குளிர் மாதிரி இல்லை, வெயில் ஏறின பிறகு குளிப்பாட்டு, காதை மூடிக் கட்டாமல் வெளியே தூக்காதே. மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் மாறிவிட்டதா? அத்தைக்குக் கண்ணில் நீர் வடிகிறது, ஆவடிக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்றால் வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், நம் வீட்டில் யார்தான் யார் சொன்னதைக் கேட்டார்கள்.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. மூன்று தடவை படித்தேன். ஓட்டுப் போட்ட மறுநாளே நீ ரயில் ஏறிவிட்டாய், எங்கள் கட்சி தோற்றதை ரேடியோவில் கேட்டதாக எழுதியிருக்கிறாய், தோற்றதை மட்டும்தான் ரேடியோ சொல்லும். எப்படித் தோற்றோம் என்று நான்தான் சொல்ல வேண்டும், அதற்கு அந்தப் பெட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டிசம்பரில் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து வரதன் என்று ஒரு பையன் கருத்துக்கணிப்பு எடுக்க வந்தான். கையில் ஒரு அட்டைப்பெட்டி, மேலே ஓட்டை போட்டது, நாலு சின்னம் அச்சடித்த சீட்டு ஒரு கட்டு. பென்சிலால் குறி போட்டு மடித்துப் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். இவன் பேண்ட் சட்டையைப் பார்த்து எந்த வீட்டிலும் கதவு திறக்கவில்லை, ஏதோ வரிக்காரன் என்று நினைத்துவிட்டார்கள். டீக்கடையில் வந்து என்னிடம் அழாத குறையாகச் சொன்னான், நானும் கூடப் போனேன். நாலு வீடு போனதும் கதவெல்லாம் தானாகத் திறந்தது. அவனுக்கு வெயில் தாங்கவில்லை, அண்ணே நீங்களே முடிச்சுக் குடுத்திடுங்க என்று பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் குமணன்சாவடிப் பக்கம் சாப்பிடப் போனவன் மறுநாள் சாயங்காலம்தான் வந்தான். இரண்டு நாள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனி வேலைக்கு லீவு போட்டு நான் தெருத் தெருவாகப் பெட்டியைத் தூக்கினேன்.

கட்சியின் கிளைச் செயலாளரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை சொர்ணம், அந்தப் பையனுக்கும் தோன்றவில்லை. ஒரு வீட்டில் டீ, ஒரு வீட்டில் மோர். சிலபேர் எங்கள் சின்னமான அடிபம்பு மேல் குறி போட்டு, மடிப்பதற்கு முன்னால் என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுத்தான் மடித்தார்கள், அதை நான் பாசம் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் நம் பகுதியில் இருநூறு சீட்டில் நூற்று எழுபத்தொன்று அடிபம்புக்கு. பத்திரிகையில் எங்கள் புதுக் கட்சி இந்தத் தொகுதியில் முந்துகிறது என்று பெரிய எழுத்தில் போட்டான். அந்தப் பக்கத்தைக் கிழித்து டீக்கடைச் சுவரில் ஒட்டினேன், நீ பொங்கலுக்கு வந்தபோது பார்த்தாயே, அதுதான். எங்கள் வேட்பாளர் பரந்தாமன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், ஜெயித்ததும் தொகுதி அலுவலகத்தை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் துலுக்கானம் என்றார். நான் ஒரு முட்டாள், அன்றைக்கே கம்பெனிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். கம்பெனியில் சார்ஜ்மேன் ஆக்குகிறோம் என்று கூப்பிட்டார்கள், இனிமேல் எனக்கு எதற்கு சார்ஜ்மேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது என்னைவிடப் பத்து வயது சின்னவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு போல்ட் எண்ணிக் கொடுக்கிறான்.

ஓட்டு அன்றைக்கு நீயும் பார்த்தாய். பள்ளிக்கூடத்துக்கு நூறு மீட்டர் தள்ளி மேஜை போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். போகிற பெண்கள் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துச் சிரித்து, கையை மேலும் கீழும் பம்பு அடிக்கிற மாதிரி ஆட்டிவிட்டுப் போனார்கள். நீயும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் அடித்துக் காட்டினாய், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எண்ணுகிற இடத்தில் மூங்கில் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஏஜெண்டாக நின்றேன். நம் பள்ளிக்கூடத்து ஆண்கள் பெட்டியை முதலில் கொட்டினார்கள், நானூற்றுப் பன்னிரண்டில் அடிபம்புக்கு முப்பத்தொன்று. ஆம்பிளைகள் சாராயத்துக்குப் போய்விட்டார்கள், பெண்கள் பெட்டி வரட்டும் என்று பக்கத்தில் இருந்தவனிடம் வாய் கூசாமல் சொன்னேன். பெண்கள் பெட்டி வந்தது. சின்னத்துக்கு ஒரு அறை வைத்த பலகைத் தட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார்கள். மற்ற அறைகள் நிரம்பி வழிந்தன, ஐம்பது ஐம்பதாகக் கட்டினார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சீட்டில் அடிபம்பு அறையில் ஒன்றே ஒன்று கிடந்தது. அந்த ஒன்றுக்கும் ஒரு ரப்பர் பாண்டு போட்டு எடுத்து வைத்தார்கள் அம்மா, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு மேல் டெபாசிட் போனதெல்லாம் எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உன் அம்மாவைத்தான் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், கேட்டதும் நிமிர்ந்தாள். போடல, இன்னா இப்போ, பொடவைக்கு அடியில நீ எழுதி வெச்ச காயிதத்த நான் பாத்துட்டேன், நீ வேலைய உட்டுட்டு கொடி புடிச்சிகினு பூட்டா இந்த ஊட்ட யாரு பாக்கறது, என் ஓட்டு என் ஊட்டுக்கு என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அத்தையைக் கேட்டால், உனுக்குத்தான் போடணும்னு போனேன் அண்ணாத்தே, கை பழகுன எடத்துக்கே பூட்ச்சி என்று அழுகிறாள். முப்பது வருஷமாக ஒரே சின்னத்தில் குத்திக் குத்திப் பழகிய கை. மறுநாள் சுலைமானிடம் போனேன், என்னோடு எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவன், அவனாவது சொல்வான் என்று. அவன் பீடியைக் கீழே போட்டுவிட்டு, மாமே, நீ பொட்டிய தூக்கிகினு வாசல்ல வந்து நின்னா உன் மூஞ்சப் பாத்துகினு எப்டி வேற எதுல குறி போடறது, நல்லாவா இருக்கும், நெஜப் பொட்டிகிட்ட நீ இல்லியே என்றான். கேட்டாயா, இவ்வளவுதான் விஷயம். என்னை மதித்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரன் ஏமாற்றினால் திட்டலாம், டீ கொடுத்தவர்களை எப்படித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நெஞ்சு எரிகிறது சொர்ணம், நான் பொய் சொல்லவில்லை, இந்தத் தெருவில் நடக்கவே கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தெருமுனை அடிபம்பு தண்ணீர் இழுக்கவில்லை. வழக்கம் போல என்னைத்தான் கூப்பிட்டார்கள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், குடத்தோடு நின்றவர்களைப் பார்த்ததும் கால் நிற்கவில்லை, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் வாஷர் மாற்றினேன். நான் குனிந்து வேலை செய்யும்போது ஒருத்தி மெதுவாக வந்து, பொம்பள பொட்டில வுழுந்த அந்த ஒரு ஓட்டு என்னுதுதான் என்றாள். அவள் போனதும் இன்னொருத்தி வந்து அதையே சொன்னாள். தண்ணீர் வருவதற்குள் ஏழு பேர் சொல்லிவிட்டார்கள், ஒருத்தி பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியமே செய்தாள். ஒரே ஓட்டுக்கு ஏழு பேர் சொந்தக்காரர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த ஸ்பேனரைத் தூக்கி எறியலாம் போலவும் இருந்தது.

அந்த ஏழு பேரையும் பொறுத்துக்கொண்டேன். எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அம்மா போடவில்லை, அத்தை போடவில்லை, அப்படியானால் அந்த ஒன்று என் மகளுடையது என்று நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர்களிடம், கல்யாணமாகிப் போன பெண் இன்னும் இங்கேதான் இருக்கிறாள் என்று பொய் சொல்லி உன் பெயரை அடிக்கவிடாமல் காப்பாற்றியவன் நான், அது தப்புதான். அந்தத் தப்புக்காவது பலன் கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. அப்பா கவலைப்படாதீங்க, ஊர் எப்படிப் போட்டாலும் அம்மா, அத்தை, நான் மூணு பேரும் அடிபம்புக்குத்தான் குத்தினோம் என்று எழுதியிருக்கிறாய். பெட்டியில் விழுந்தது ஒன்று என்று உனக்குத் தெரியாது. மூன்று என்று எழுதினவள் தன்னுடைய ஒன்றைப் போட்டாளா இல்லையா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? வரிசையில் எட்டாவதாக நீயும் குடத்தோடு வந்து நின்றுவிட்டாயே அம்மா.

அம்மாமேல் எனக்குக் கோபம் இருக்கிறது, பத்து நாள் பேசவில்லை. ஆனால் அவள் போடவில்லை என்று சொன்னாளே, அந்த ஒரு வார்த்தையைத்தான் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த உண்மை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்றிலிருந்து அவள் வைத்த சோற்றை முகம் திருப்பாமல் சாப்பிடுகிறேன். ராஜினாமாக் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன், அடுப்பில் போட்டுவிட்டாள்.

அடுத்த முறை பட்டியல் சரிபார்க்க வந்தால் உன் பெயரை அடிக்கச் சொல்லிவிடுவேன், வருத்தப்படாதே, உன் ஓட்டு நீ இருக்கிற ஊரில் இருக்கட்டும். மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். பேரனுக்கு அத்தை தைத்த குல்லாவைத் தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன், வந்ததும் போட்டுவிடு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நல்லபடி வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் அத்தையும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. போட்டிருந்தால் போட்டேன் என்று எழுது, போடாவிட்டால் போடவில்லை என்று எழுது. அப்பா மனசு நோகுமே என்று பார்க்காதே. உன் வாசலில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
துலுக்கானம்