மாலைக்குள் மறைந்திருந்த கோணல்

அனுப்புநர்:
தி. சண்முகவள்ளி (வயது 38),
க/பெ. திருமலைச்சாமி,
கவுஞ்சி, கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: புதிய பிக்கப் வண்டியின் பானெட்டும் இடது கதவும் கோணலாக இருப்பது – கோணல் வண்டியில் இல்லை, என் ஓட்டுதலில்தான் என்று விற்பனை நிலையத்தார் கூறுவது – மலைப்பாதையில் நேரடி ஆய்வு கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கேரட்டும் மலைப்பூண்டும் பயிரிடும் விவசாயி. எங்கள் ஊரில் சரக்கு வண்டி ஓட்டும் முதல் பெண் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, புகாருக்குத் தேவைப்படுவதால் சொல்கிறேன். கொஞ்சம் பெருமையும் உண்டு.

2. கடந்த 29.08.2025 வெள்ளிக்கிழமை காலை விற்பனை நிலையத்தில் மேற்படி வண்டியைப் பெற்றுக்கொண்டேன். பத்தரைக்கு இராகு காலம். பத்து இருபதுக்குத்தான் காகிதங்களை நீட்டினார்கள். பதினான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டேன். அவற்றில் ஒன்று, வண்டியைச் சுற்றிப் பார்த்துத் திருப்தி அடைந்தேன் என்பது. நான் வண்டியைச் சுற்றவில்லை, இராகு காலத்தை முந்தினேன். இது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

3. அங்கிருந்து நேராகப் பழனி அடிவாரம் சென்று பூசை போட்டோம். பானெட்டு முழுவதும் சந்தனம், குங்குமம், அதன்மேல் ஆள் உயரச் செவ்வந்தி மாலை. பூசை மாலையைக் கையால் கழற்றக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒன்பதாம் நாள் உதிர்ந்தது. அன்றுதான் வண்டியின் முகத்தை முழுதாகப் பார்த்தேன். பானெட்டின் வலது ஓரத்தில் வெற்றிலை நுழையாது. இடது ஓரத்தில் ஒரு பூண்டுப் பல் தாராளமாக நுழைகிறது. புகைப்படம் இணைத்துள்ளேன். பூண்டு உள்ளே விழுந்துவிட்டதால் அதை இணைக்க இயலவில்லை.

4. இடது கதவு பூட்டும், ஆனால் பொருந்தாது. மேகத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கொடைக்கானலுக்கு வருகிறார்கள். எங்களுக்கு அது வண்டிக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சரக்கு ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்கும்போது, வலப்புற வளைவுகளில் கதவு தானே திறந்துகொள்வதைப் பொறுக்க முடியாது. அந்தப் பக்கம் உட்காருபவர் என் கணவர். வருடத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போகிறவர், இப்போது வளைவுக்கு வளைவு முருகனைக் கூப்பிடுகிறார்.

5. விற்பனை நிலையத்துக்கு மூன்று முறை சென்றேன். முதல் முறை, எல்லா வண்டியும் அப்படித்தான் என்றார்கள். பக்கத்தில் நின்ற வண்டிகளைக் காட்டினேன், அவை அப்படி இல்லை. இரண்டாம் முறை, பூசையன்று எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றியதால் வண்டியின் உடல் அசைந்திருக்கலாம் என்று சர்வீஸ் சீட்டிலேயே எழுதினார்கள் (நகல் இணைப்பு). எலுமிச்சம்பழம் தாங்காத வண்டி இருபத்தைந்து மூட்டை கேரட்டை எப்படித் தாங்கும் என்று கேட்டேன். சீட்டில் முத்திரை குத்தி நீட்டினார்கள். மூன்றாம் முறை மேலாளர் கூறியதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "அக்கா, பொம்பளைங்க வளைவுல பயந்து சடார்னு ஒடிப்பீங்க. அதுல வண்டி முறுக்கிக்கிருச்சு. அண்ணனை ஓட்டச் சொல்லுங்க."

அண்ணனுக்கு டிராக்டர்கூட ஓட்டத் தெரியாது ஐயா.

6. மேலாளரின் இந்தச் சொல் எங்களுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் வாடகை வண்டி ஓட்டும் முருகானந்தம் டீக்கடையில், "ஏலே, புது வண்டி கோணிக்கிட்டுக் கெடக்குடா, அந்தம்மா கைராசி அப்படி" என்று பேசியிருக்கிறார். என்னை நம்பி மூட்டை ஏற்றிவந்த ஆறு பெண்களில் நான்கு பேர் போன வாரம் அவர் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நான்காவதாகப் போனவள் என் கூடப் பிறந்த தங்கை. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வருத்தத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

7. கதவைச் சோதித்துவிட்டோம், குறையில்லை என்று கடைசியாகக் கடிதம் அனுப்பியுள்ளார்கள். சோதித்த இடம் அவர்கள் கடை வாசல். அங்கே வளைவே கிடையாது. சரக்கும் ஏற்றவில்லை.

எனவே, எனக்கு இழப்பீடும் வேண்டாம், வேறு வண்டியும் வேண்டாம். பானெட்டையும் கதவையும் அவர்கள் செலவில் சரிசெய்து, வண்டி வரும்போதே கோணலாக வந்தது என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அதை நான் டீக்கடையில் ஒட்டிக்கொள்வேன்.

அதற்கு அவர்கள் இசையாவிட்டால், தாங்கள் ஒரு நாள் குறித்து, தங்கள் முன்னிலையில் ஆய்வு நடத்த வேண்டுகிறேன். மூட்டைகளை நான் ஏற்றிவைக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து வெள்ளனே புறப்பட்டால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். ஓட்டுவது நான். இடது இருக்கையில் மேலாளர் அமர வேண்டும். பழனி அடிவாரம் வந்து சேர்ந்ததும், கோணல் என் ஓட்டுதலில்தான் என்று அவர் அப்போதும் சொன்னால், சாவியை அங்கேயே அவர் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்புகிறேன்.

இடம்: கவுஞ்சி
நாள்: 06.10.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) தி. சண்முகவள்ளி

இணைப்பு: புகைப்படம், சர்வீஸ் சீட்டு, கடிதம், என் ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்கள்.