அம்மிணிச் சேச்சி கொண்டுவந்த தாள்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அமுதவள்ளிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் விக்கியும் நானும் இங்கே நலம். பேச்சுக்கு எழுதும் நலம் இல்லை, நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்து, டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தந்த நலம். நீ நலமா என்று இப்போது கேட்கப் போவதில்லை, கேட்டால் சூப்பரா இருக்கேம்மா என்பாய், அந்த சூப்பர் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிக்காதே, காரணம் பின்னால் வரும். உனக்கு மலையாளம் மாதிரி தமிழ் கடகடவென்று படிக்க வராது, தெரியும். எழுத்துக் கூட்டியாவது கடைசிவரை படி.

இரண்டு வாரம் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை நம் வார்டுக்கு வரும் சுகாதார ஆஷா பணியாளர் அம்மிணிச் சேச்சி கையில் ஒரு தாளோடு வாசலில் வந்து நின்றாள். வீட்டில் எல்லாரும் டிபி டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றாள். எங்களுக்கு என்ன வந்தது, யார் சொன்னது என்று கேட்டேன். பழகின யாருக்கோ டிபி இருக்கு, அவங்ககூட இருந்தவங்களை எல்லாம் பார்க்கணும், பேடிக்கண்டா சேச்சி, பயப்பட ஒண்ணும் இல்லை என்றாள். அந்த யாரோ யார் என்று கேட்டால், பேர் பறயான் பாடில்லா, சொல்லக் கூடாது என்று சிரிக்கிறாள். ஒரு சாயா போட்டுக் கொடுத்தும் கேட்டுப் பார்த்தேன், குடித்துவிட்டுப் போனாளே தவிர பேர் வரவில்லை.

அந்த யாரோ கதையை நான் நம்பவில்லை, எனக்கு உடனே கீழ்வீட்டு ஷபானா மேல்தான் சந்தேகம். கொச்சங்காடி குடோனில் நாளெல்லாம் சுக்குத் தூசியில் உட்கார்ந்துவிட்டு வந்தால் நான் இருமாமல் என்ன செய்வேன், அதைக் கேட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவள் கொடுத்தனுப்பிய அரிசிப் பத்திரியைத் தொடவில்லை, மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறினேன். உன் அப்பா பிராட்வே பாத்திரக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு எக்ஸ்ரேக்கு வந்தார், உன் அண்ணன் விக்கி வைப்பின் ஐஸ் கம்பெனியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தான். வழியெல்லாம் ஷபானாவைத்தான் திட்டிக்கொண்டு போனேன்.

அப்புறம்தான் உன் சித்தி முப்பிடாதி சங்கரன்கோவிலிலிருந்து போன் போட்டு ஒரே கத்தல். யக்கா, என் வீட்டுக்கே நர்ஸ் வந்து நிக்கா, உன் வீட்ல நாலு நாள் வந்து தங்குனதுக்கு எனக்கு இதுவும் வேணும் இன்னமும் வேணும் என்கிறாள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. மறுநாள் அம்மிணிச் சேச்சியை மறித்து அந்தத் தாளை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். செல்லதுரை, பேச்சியம்மாள் என்று அப்பா பேரும் என் பேரும், அப்புறம் விக்கி, முப்பிடாதி. சித்தியின் போன் நம்பர்கூடச் சரியாக இருந்தது. முப்பிடாதி இங்கே தங்கினது தீபாவளிக்கு நீ வந்திருந்த அந்த நாலு நாள்தான், உன்னோடு ஒரே பாயில் படுத்தாள். ஷபானா அப்போது தன் அம்மா வீட்டில் இருந்தாள், சித்தியை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. அப்படியானால் அந்தப் பேரை எழுதிக் கொடுத்தது யார், நீயே சொல்.

அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை, நீ பேசினதை எல்லாம் மனசுக்குள் துருவிக்கொண்டிருக்கிறேன். பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று போனில் சத்தம் அறுந்துபோகும், அரை நிமிடம் கழித்து சிக்னல் இல்லம்மா என்பாய். அவ்வளவு பெரிய தனியார் பல்கலைக்கழகம், கண்ணாடிக் கட்டடமாய்ப் போட்டோவில் மின்னுகிறது, அங்கே சிக்னல் இல்லையாம். நீ இருமும்போது மைக்கை அணைக்கிறாய். கடிதத்தில் அதெல்லாம் நடக்காது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கருவாட்டுப் பொடி என்றால் உயிரை விடுகிறவள், அனுப்பாதேம்மா, வாசனையே குமட்டுது என்றாய். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரமாட்டாய், ஃபீல்டு வொர்க் என்றாய். உன் அறைத்தோழி ஸாதனாவுக்குப் போன் போட்டேன். அவ தனி ரூம் போயி மூணு வாரமாச்சே ஆன்ட்டி என்றவள் சட்டென்று பேச்சை மாற்றினாள். அந்தப் பிள்ளையைத் திட்டாதே, அதற்குப் பொய் சொல்ல வரவில்லை, உன்னைப் போல் பயிற்சி இல்லை.

பொது சுகாதாரம் என்று நீ சேர்ந்தபோது, ஊசி போடாத டாக்டர் படிப்பு என்ன படிப்பு என்று நான் கேலி செய்தேன். இப்போது புரிகிறது. எங்களை ஒருத்தர் விடாமல் எழுதிக் கொடுத்துச் சோதிக்க வைத்தாய், சித்தியைக்கூட மறக்கவில்லை. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் அரசாங்கத்துக்குச் சொன்னதைப் பெற்றவளுக்குச் சொல்ல மனசு வரவில்லையே உனக்கு. நான் கூப்பாடு போடுவேன் என்று பயந்தாயா? போட்டேன், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், முடிந்துவிட்டது. இனிமேல் என்னிடம் தாராளமாகச் சொல்லலாம்.

சித்திக்கும் ஒன்றும் இல்லை என்று நேற்று ரிசல்ட் வந்துவிட்டது. ஷபானாவுக்கு நெய்மீன் கறி வைத்துக் கொடுத்து, தப்பாக நினைச்சுட்டேன் என்று சொல்லிவிட்டேன், எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. அப்பாவுக்கு இன்னும் தெரியாது, அவரிடம் நீயே சொல்வதுதான் முறை. ஒரு வாரம் பார்ப்பேன், பதில் வராவிட்டால் ரயிலேறிவிடுவேன், நீ தடுக்க முடியாது. மாத்திரையை ஒரு நாளும் விடாதே, நல்லாயிட்டேன் என்று நடுவில் நிறுத்தினால் திரும்ப வந்துவிடுமாம், அம்மிணிச் சேச்சியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். தினமும் இரண்டு முட்டை சாப்பிடு, ஜன்னலைத் திறந்து வை, குளிருக்குக் காதை மூடு.

முப்பிடாதி அம்மன் உன் கூடவே இருப்பாள், நீ நூறு வயசு இருப்பாய் கண்ணே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த நாலு நாளும் இந்த வீட்டில் ஐந்து பேர் படுத்தோம். தாளில் நாலு பேர்தான் இருக்கிறது. விட்டுப்போன அந்த ஐந்தாவது பேரை உன் கையாலேயே எனக்கு எழுதி அனுப்பு.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்
அம்மா பேச்சியம்மாள்