ஒரு ஸ்பூன் தண்ணீர்

தஞ்சாவூர்
ஆகஸ்ட் 19

அன்பு மகள் அறிவுமதிக்கு அப்பா எழுதுவது.

இது உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. உங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கவுகாத்தி ஆபீசுக்குப் போன் செய்தேன். மலை சரிந்து ரோடு போய்விட்டது, நீ தங்கியிருக்கும் முகாமில் எந்தப் போனும் எடுக்கவில்லை, அரிசி பருப்பு சுமந்து நடந்து போகிற ஆட்களிடம் கடிதம் கொடுத்தனுப்பலாம் என்றார்கள். எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் அங்கே பிரிண்ட் எடுத்துக்கொள்வார்களாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே. முதலில் வயலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

குறுவை நட்டு முப்பத்தைந்து நாள் ஆகியும் நம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. பூதலூர்ப் பக்கம் கரை முட்ட ஓடியதாம். நன்னிலம் தாண்டி நம் கடைமடைக்குத்தான் வர மாட்டேன் என்றது. பக்கத்து வயல் பக்கிரியும் நானும் ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் போனோம். “சாவி மட்டும்தாங்க என் கையில இருக்கு, தண்ணி இல்லீங்க” என்றார். அவரை என்ன சொல்ல?

எட்டாம் தேதி மதியம் அம்மா எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். வரப்பில் வந்துகொண்டிருந்தவள் இடது காலை இழுத்தாள், அப்படியே சாய்ந்தாள். பக்கிரிதான் தன் மினி லாரியில் இங்கே கொண்டுவந்து சேர்த்தான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. இடது பக்கம் அசைவில்லை, பேச்சு இல்லை. விழுங்கவும் வரவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சியும் தண்ணீரும் கொடுக்கிறார்கள். வாய் வழியாக ஒரு சொட்டுக்கூடக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

மதி, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அம்மா என் தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையால் அதைக் காட்டினாள், உதட்டைத் தொட்டாள். திரும்பவும் காட்டினாள். குழாயில் போவது வயிற்றுக்குப் போகும், நாக்கு நனையுமா? நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போன சமயம் ஒரே ஒரு ஸ்பூன் ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிறகு இருமினாள். முகம் கறுத்துவிட்டது. ஓடி வந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். சாயங்காலமே காய்ச்சல். இப்போது நிமோனியா என்கிறார்கள்.

இதை நர்ஸ் சபிஹாவிடம் மட்டும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “எல்லா வீட்டுலயும் யாராவது ஒருத்தர் இதப் பண்ணிடுறாங்க ஐயா. பஞ்ச நனைச்சு நல்லாப் பிழிஞ்சுட்டு உதட்டுல ஒத்துங்க, அது போதும்” என்று கற்றுக்கொடுத்தார். மணிக்கொரு தரம் அப்படித்தான் செய்கிறேன்.

உன் ஜூலை மாதக் கடிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது. பஞ்சை ஒத்தும்போது அதை அம்மாவுக்குப் படிக்கிறேன். நீ ஆராய்வது கிளைமேல் முளைக்கிற செடி என்றதும் நம் மாமரத்துப் புல்லுருவி என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, இவை மரத்தை உறிஞ்சுவதில்லை, வெறுமனே உட்கார்ந்திருக்கின்றன என்று எழுதியிருந்தாய். மேகம் காட்டுக்குள் நுழைந்தால் பாசி அதைப் பிடித்துப் பஞ்சுபோல வைத்துக்கொள்ளும். ஆர்க்கிட் வேரின் வெள்ளைத் தோல் ஈரம் பட்டதும் உறிஞ்சிப் பச்சையாகும். ஒரு பெரணிச் செடி கிண்ணம்போல விரிந்து சருகைச் சேர்த்து அதற்குள் ஈரத்தைக் காக்கும். சிலது இலையாலேயே குடிக்கும். மேகம் வராத நாட்களில் எல்லாம் சுருங்கிக் காத்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை நாள் தாங்கும் என்று எழுதவில்லை. அந்த இடத்தில் தினமும் நின்றுவிடுகிறேன்.

அம்மாவுக்கு எவ்வளவு புரிகிறது என்று தெரியவில்லை. நாற்பது அடி உயரத்துக்குக் கயிறு கட்டி ஏறுகிறேன் என்று நீ எழுதிய வரி வந்தால் மட்டும் என் விரலைப் பிடித்துக்கொள்கிறாள். அந்த ஒரு வரியை இரண்டு தரம் படிக்கிறேன்.

நேற்று பக்கிரி போன் செய்தான். “அண்ணே, தண்ணி வந்துருச்சு, மடையத் தொறக்கவா?” என்றான். திற என்றேன். பயிர் பிழைக்குமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலை டாக்டர் அம்மாவின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, வெளியூரில் யாரும் இருக்கிறார்களா என்று விசாரித்தார். ஒரே மகள், அருணாசலப் பிரதேசத்தில் என்றேன். சொல்லிவிட்டீர்களா என்றார். அதன் பிறகுதான் கவுகாத்திக்குப் போன் செய்தேன்.

ரோடு இல்லாத மலையில் மழையோடு இறங்கி வா என்று ஒரு அப்பன் எப்படி எழுதுவான்? நீ கிளம்ப வேண்டாம். ஆனால் சுமைகாரர்கள் திரும்பும்போது அம்மா பெயருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடு. செடி விஷயம் வேண்டாம். ‘அம்மா, நான் வருகிறேன்’ என்று எழுது. வர முடியாவிட்டாலும் அப்படித்தான் எழுது. கவுகாத்தியிலிருந்து என் போனுக்குப் படம் வந்த நிமிஷமே அவள் காதில் படித்துவிடுவேன். கொஞ்சம் சீக்கிரம் எழுதம்மா.

கயிற்றின் முடிச்சை இரண்டு தரம் பார்த்துவிட்டு ஏறு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா
தியாகேசன்