ஒரு பேஸ் போனால்

12.3.79, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. கடையில் இரண்டு மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை பாக்கி.

மெட்ராஸ் பேட்டன்ட் ஆபீசிலிருந்து பதிவுத் தபால். ஆட்சேபம். கரண்டு வரும் மூன்று பேஸ் லைனில் ஒன்று போனால் பம்புசெட் மோட்டாரைத் தானாக நிறுத்தும் என் கருவி புதிதல்லவாம். எவனோ ஒரு வெள்ளைக்காரன் எப்போதோ பேட்டன்ட் வாங்கிவிட்டான். அவன் படத்தின் நகலும் கூடவே. கிட்டத்தட்ட என் படம்தான். மூன்று வருட உழைப்பு. பதிலுக்குக் கெடு மாதக் கடைசி.

மேசையில் கவிழ்த்து வைத்தேன். என் மனைவி கோமதி எடுத்துப் படித்துவிட்டாள். என் மனுவை இங்கிலீஷில் எழுதியதே அவள்தான்; ஹைஸ்கூல் டீச்சர்.

"நீங்க யாரையும் பாத்து எழுதலைன்னு எனக்குத் தெரியும். வருத்தப்பட்டுக்கிட்டே இருக்கப் போறியளா, பதில் எழுதப் போறியளா?"

எழுதுவதாகச் சொன்னேன். என்னவென்று எழுத?

14.3.79, புதன்
அதைவிடப் பெரிய அடி. கரிவலம்வந்தநல்லூர் சுப்பையா அண்ணாச்சி மோட்டார் ஒரு பேஸ் போய் எரிந்துவிட்டது. என் கருவி மாட்டிய மோட்டார். பருத்தி காய் பிடிக்கிற நேரம்.

"உம்ம டப்பாவ நம்பித்தானவே மோட்டார ஓட விட்டுட்டுச் சாப்பிடப் போனேன்."

கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மோட்டாரைக் கழற்றி மாட்டு வண்டியில் கடைக்கு. வைண்டிங் என் பொறுப்பு.

15.3.79, வியாழன்
மற்ற வேலை எல்லாம் நிறுத்தம். கடை மோட்டாரை ஓடவிட்டு ஒரு பியூஸைப் பிடுங்கினேன். கருவி அசையவில்லை. செத்த லைனில் டெஸ்ட் லாம்ப் வைத்தால் எரிகிறது, கொஞ்சம் மங்கலாக.

ஓடுகிற மோட்டாரே அந்த லைனுக்கு வோல்டேஜ் திருப்பித் தருகிறது. கருவி ஏமாறுகிறது. இதுவரை பியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் சுவிட்ச் போட்டுச் சோதித்தேன். மடத்தனம்.

அந்த வெள்ளைக்காரன் படத்தை மறுபடி எடுத்தேன். அவனும் வோல்டேஜைத்தான் பார்த்திருக்கிறான். அவனும் ஏமாந்திருப்பான்.

கரண்டைப் பார்த்தால்? பியூஸ் இல்லாத லைனில் கரண்ட் ஓட வழியே இல்லை.

18.3.79, ஞாயிறு
கரண்ட் போகிறதா என்று பார்க்க, லைனுக்கு ஒரு சின்னக் காயில், கம்பிச் சுருள். முதல் இரண்டும் சரியில்லை, சுற்று குறைவு. மூன்றாவது பிடித்தது. கோமதி கணக்கு வைத்தாள்: ஓடும்போதே பத்து முறை பியூஸைப் பிடுங்கினேன், பத்து முறையும் மோட்டார் நின்றது. விரலில் கொப்புளம். தலைக்குக் குளித்தது, நல்ல சாப்பாடு.

22.3.79, வியாழன்
அண்ணாச்சி கிணறு. மோட்டார் ஏற்றி, புதுக் கருவி மாட்டி, தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது.

"ஓடும்போதா பியூஸப் பிடுங்கப் போறீரு? மறுபடி எரிஞ்சா பருத்தி அம்புட்டுதான்."

"எரிஞ்சா இன்னைக்கே என் கடை மோட்டார் இங்கன ஓடும் அண்ணாச்சி."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பியூஸ் பக்கம் வந்தார்.

"நீரு தள்ளி நில்லும். நான் பிடுங்குதேன்."

பிடுங்கினார். டக்கென்று சத்தம், மோட்டார் நின்றது. பியூஸை மாட்டி மறுபடி பிடுங்கினார். பிறகு இன்னொரு லைனில். மூன்று முறையும் நின்றது. போய் எனக்கு மோர் கொண்டுவந்தார்.

25.3.79, ஞாயிறு
பழைய மனுவை விட்டுவிட முடிவு. கரண்ட் காயிலுக்குப் புது மனு. கோமதி டைப் அடிக்கிறாள்.

"அந்த ஆளு பேட்டன்ட்டையும் இதுல சொல்லணுமா?"

"முதல் பாராவிலேயே சொல்லு. அவர் செஞ்சது வரைக்கும் அவருக்கு. மிச்சம்தான் நமக்கு."

அவன், அவர் ஆகிவிட்டான். அவருடைய பேட்டன்ட் காலாவதியாகிப் பல வருடம். இன்னும் என்னோடு வாதாடுகிறார்.

27.3.79, செவ்வாய்
பதிலும் புது மனுவும் பதிவுத் தபாலில் போயாயிற்று. லேசான தூறல்.

பழைய கருவி இன்னும் ஓடுகிற கிணறுகள்: வாசுதேவநல்லூர் 3, பனவடலிசத்திரம் 2, இந்த ஊர் 4. இந்தக் கிணற்றுக்காரர்களில் யாரும் குறை சொல்லவில்லை. இன்னும் பேஸ் போகவில்லை, அவ்வளவுதான்.

"ஒம்பதையும் நீங்களே போய்க் கழட்டப் போறியளா?" கோமதி.

ஆமாம். என்ன கோளாறு என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். நாளை முதல் பஸ் வாசுதேவநல்லூருக்கு.