பச்சையம்மா அக்காவின் இடது கதவு

என் வீட்டுக்கு மூத்தவளே, பச்சையம்மா அக்கா,

பாகம் பிரிந்த நாளிலிருந்து உன்னை நான் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. யாரிடமாவது உன்னைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் 'அந்த வூட்டுக்காரி' என்பேன். நீயும் என்னைத் 'தகரக்காரி' என்றுதான் சொன்னாய். அது என் காதுக்கு வராது என்று நினைத்தாயா? இன்றைக்கு அக்கா என்று கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உன் போட்டோ போட்டு நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம். "உனக்கு இன்னா தோணுதோ நாலு வரி எழுதிக் குடு சித்தி" என்று உன் பெண் தேவகி தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் நாம். நமக்கு நடுவில் இருப்பது நாலு வரியில் அடங்குமா? நான் மூணாவதோடு நின்றவள். எழுத்து கோணும், சொல்வது கோணாது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் தேவகி சேதி. உன் மருமகன் தவறிய பிறகு அவள் உத்திரமேரூருக்கே வந்துவிட்டது உனக்குத் தெரியும். இப்போது என் மாட்டுக்கொட்டாயில் அவள் என்ன செய்கிறாள் என்பது தெரியாது. காயலாங்கடை, பழைய சாமான் கடை என்று அலைந்து, ஊரார் தூக்கிப்போட்டதை எல்லாம் வாங்கி வருகிறாள். தையல் மெஷின் காலுக்கு மேலே பலகை போட்டால் மேசை. துருப்பிடித்த பால் கேனில் மயில் வரைந்தால் பூ ஜாடி. அரிக்கேன் விளக்குக்குள் கரண்டு பல்பு. மெட்ராஸ்காரர்கள் காரில் வந்து, வின்டேஜ் வின்டேஜ் என்று சொல்லி எடுத்துப் போகிறார்கள்.

இதைக் கேள். புதுப் பலகைக்குப் பெயிண்ட் அடித்து, அது காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு அங்கங்கே தேய்த்துப் பழசாக்க வேண்டும். தேய்க்கிற வேலை என்னுடையது. பழசாவது எப்படி என்று எனக்கா சொல்லித்தர வேண்டும்?

ஒருநாள் நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்து, அடியில் ஓட்டை போட்டு, உள்ளே பல்பு மாட்டித் தொங்கவிட்டாள். கவிழ்த்த மரக்கால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

"வூட்ல மரக்காலக் கவுக்கலாமாடி? உங்கம்மா இருந்திருந்தா உன் கைய ஒடிச்சிருப்பா."

"எங்கம்மா இருந்திருந்தா உன்னத்தான் சித்தி திட்டியிருக்கும். பக்கத்துல குந்திக்கினு பாத்துக்கினு இருந்தியேன்னு."

உண்மைதான். நீ அப்படித்தான் திட்டுவாய்.

போன மாசம் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வண்டிச் சரக்கு வந்தது. இரும்புக் கட்டில், பள்ளிக்கூடத்து பெஞ்சு, நடுவில் கோணி போர்த்திய ஒரு கதவு. கோணியின் ஓரம் கொஞ்சம் விலகியிருந்தது, அவ்வளவுதான், எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே ஒரு தாமரை, கீழே ஒரு தாமரை, நடுவில் கிளி. கிளி வலது பக்கம் பார்க்கும். நம் மாமனார் வேங்கை மரம் வாங்கிச் செய்த இரட்டைக் கதவில் இடது கதவு. உன் கதவு.

உன் மகன் வீட்டைப் பிரித்து விற்றபோது ஓட்டோடும் உத்தரத்தோடும் இதையும் தள்ளிவிட்டிருக்கிறான். அவனைத் திட்டினால் உனக்குப் பிடிக்காது. அதனால் இங்கே திட்டவில்லை. நேரில் திட்டியாகிவிட்டது.

ஒரு ஜோடிக் கதவு எப்படி ரெண்டு வீட்டுக் கதவானது என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். நீயே சொல்லேன். மாட்டாய். நான் சொல்கிறேன். மாமனார் போன பிறகு பாகம் பிரித்தார்கள். பழைய வீடு எங்களுக்கு, பின் தெருவில் காலி மனை உங்களுக்கு. அண்டா உனக்கு, குத்துவிளக்கு எனக்கு. எல்லாம் முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ எழுந்து நின்றாய்.

"கதவு எனக்கு வேணும்."

"வூடு என்னுது. கதவு மட்டும் எப்டி உன்னுதாவும்?"

"தெனம் அந்த வாசலத் தெளிச்சவ நானு. நீ நேத்து வந்தவ."

"அப்டின்னா ஆளுக்கு ஒண்ணு."

பெரியவர்கள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் நீ இடது கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாய். நான் சொன்னதைத் தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். சொன்னால் உடனே செய்துவிடுவதா?

அன்றிலிருந்து என் வாசலில் வலது பக்கம் வேங்கை, இடது பக்கம் தகரம். நீயோ அந்த ஒற்றைக் கதவின் அகலத்துக்கு வாசல் வைத்து வீடு கட்டினாய். வாங்கின பீரோ உள்ளே நுழையாமல் வெளியிலேயே கோணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. உன் கதவை நீ அனுப்புவாய் என்று நானும், என் கதவை நான் அனுப்புவேன் என்று நீயும் இருந்தோம். உன்னை எடுத்த அன்றைக்கு அந்த வாசலில் தூக்குகிறவர்கள் ஒருக்களித்துத்தான் வந்தார்கள். நான் தெருவிலேயே நின்றேன். உள்ளே வரவில்லை.

பாகத்துக்கும் முந்தின கோபம் ஒன்று எனக்கு உண்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்.

முதல் பிள்ளையைப் பெற்று, ஐந்தாம் மாசம் என் அம்மாவோடு சாலவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். விளக்கு வைக்கிற நேரம். ரெண்டு கதவும் விரியத் திறந்திருக்க வேண்டிய நேரம். வலது கதவு திறந்திருந்தது. இடது கதவு சாத்தியிருந்தது. அதன் ஓரத்தில் உன் நாலு விரல் மட்டும் வெளியே தெரிந்தது.

"பச்சம்மா, ஆரத்தி எடுத்துக்கினு வாடி" என்று மாமியார் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து நீ, "என்னால வர முடியாது" என்றாய். கடைசியில் எதிர்வீட்டுக்காரி வந்து எனக்கும் பிள்ளைக்கும் சுற்றிக் கொட்டினாள். என் அம்மா என் காதோடு, "பொட்டப்புள்ளன்னு பாதிக் கதவுதான் தெறக்கறாங்கோ, பாத்துக்கோ" என்றாள். பிள்ளையை அணைத்துக்கொண்டு, பாதி வாசலில் உடம்பை ஒருக்களித்து உள்ளே வந்தேன். அந்த நாலு விரலை நான் மறக்கவில்லை. பாகத்தில் 'ஆளுக்கு ஒண்ணு' என்று என் வாய் சொன்னதற்கும் அந்த விரல்தான் காரணம்.

இப்போது அந்தக் கதவு என் கொட்டாயில் சாய்ந்து நின்றது. தேவகி அதைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினாள். நம் பக்கத்தில் தோட்டத்தோடு வீடு கட்டுகிற ஒரு மெட்ராஸ் அம்மாள் அதையே பிடித்துக்கொண்டாள். மேலே கண்ணாடி, கீழே கிளி, சாப்பாட்டு மேசை. இது நல்லபடியாக முடிந்தால் அந்த வீட்டுக்கு வேண்டிய மற்ற சாமானும் தேவகிதான் செய்ய வேண்டுமாம். அவளுக்கு இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"உங்கம்மா கதவுடி."

"கதவா வச்சிக்கினு நான் இன்னா பண்றது சித்தி? அம்மா வூடே இல்ல. நாலு பேரு குந்தி சோறு துன்னட்டும்."

நியாயமான பேச்சு.

பெயிண்டைச் சுரண்டினது நான்தான். மேலே நீ அடித்த பச்சை. அதற்குக் கீழே நீலம். அந்த நீலத்தைப் பார்த்ததும் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நான் வாக்கப்பட்டு வந்த முதல் பொங்கலுக்கு நாம் ரெண்டு பேரும் அடித்தது. உனக்கு இடது, எனக்கு வலது, யார் முதலில் முடிப்பது என்று பந்தயம். உன் மூக்கில் நீலம் ஒட்டியிருந்ததைச் சொல்லாமல் நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். தெரிந்ததும் பிரஷ்ஷோடு துரத்தி வந்தாய். கிணற்றடி வரைக்கும் ஓடினோம். மாமியார், "ரெண்டும் கல்யாணம் ஆன கழுதைங்களா இல்ல கன்னுக்குட்டிங்களா" என்று கத்தினாள். நாம் அப்படியும் இருந்திருக்கிறோம், அக்கா. அதைத்தான் நான் மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

கீழ் மூலைக்கு வந்தேன். அந்தக் காலத்துக் கதவுக்கு இரும்புக் கீல் கிடையாது. மேலும் கீழும் மரத்திலேயே முளை விட்டிருப்பார்கள், குடுமி என்போம். கீழ்க்குடுமி கல் குழியில் உட்கார்ந்து சுற்றும். மேசைக்குக் குடுமி எதற்கு என்று அறுத்துவிட ஏகாம்பரம் ஆசாரி ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் பச்சையைச் சுரண்டினேன். குடுமியில் நீலம் இல்லை. கதவு முழுக்க இருக்கிற நீலம் அங்கே மட்டும் இல்லை.

ஆசாரி குனிந்து பார்த்தார். "ஒட்டு போட்டுக்கீது ஆயா. கதவு வேங்கை, இது பூவரசு. ஒடஞ்சி மாத்திக்கீறாங்கோ. எங்க நைனா கை மாதிரி தெரியுது."

அவர் அப்பா நம் வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியும். நான் பிள்ளையோடு வந்த அந்த வாரம்தான். மாமனார் நடவுக்குப் போன நேரம் பார்த்து நீ ஆள் அனுப்பினாய். கதவு இறுகுது, சீவணும் என்று மாமியாரிடம் சொன்னாய். அவர் வரும் வரைக்கும் கதவுக்குப் பின்னால் உலக்கை முட்டுக் கொடுத்திருந்தது. அவருக்குச் சோற்றில் ரெண்டு துண்டு கருவாடு வைத்தாய். எனக்கு வெறும் குழம்பு. அதனால்தான் மறக்கவில்லை.

"குடுமி ஒடஞ்சா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"இன்னா ஆவும்? கதவு நிக்காது. ஆளு புடிச்சிக்கினு நிக்கணும். உட்டா எதுர்ல வரவங்க மேலதான் சாயும்."

தேவகியைக் கூப்பிட்டேன். "சின்னப் புள்ளையில நீ கதவுல தொங்குவியாடி?"

"தொங்கறதா? கிளி மூக்கப் புடிச்சிக்கினு ஊஞ்சலே ஆடுவேன். ஒரு நாளு மடார்னு எறங்கிடுச்சி. அம்மா அடிச்சிச்சு பாரு ஒரு அடி! தாத்தாகிட்ட மூச்சு உட்டா கொன்னுடுவேன்னுச்சு. நீ கைக்கொழந்தையோட பஸ்ஸு எறங்கி வந்தியே, அன்னிக்குத்தான் சித்தி."

அக்கா, அந்த நாலு விரலும் என்னைத் தடுக்கவில்லை. என் மேலும் என் பிள்ளை மேலும் சாயாமல் வேங்கைக் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றன. கையை விட்டுவிட்டு எப்படி ஆரத்தித் தட்டைத் தூக்குவாய்?

கோபம் தீர்ந்தது என்று சந்தோஷப்படாதே. பழையது எழுந்து போன இடத்தில் புதுசு வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பிள்ளைக்கு அடி விழும் என்று மாமனாருக்கு மறைத்தாய், சரி. அவர் போன பிறகு? பாகத்தன்று அந்தக் கதவை எதற்குக் கேட்டாய்? வாசல் தெளித்ததற்கா, வேறு எதற்காவதா? நான்தான் கேட்டிருக்க வேண்டும் என்பாய். நான் கேட்கிற பிறவி இல்லை என்று உனக்குத் தெரியும். சொல்ல வேண்டியவள் மூத்தவள்.

ஆசாரி குடுமியில் ரம்பத்தை வைத்தார். "ரம்பத்த எடு, அறுக்க வேணாம்" என்றேன்.

தேவகிக்குக் கோபம் வந்துவிட்டது. "பேஜார் பண்ணாத சித்தி. வாக்கு குடுத்துட்டேன். அந்தம்மா இந்தக் கிளிதான் வேணும்னு சொல்லிக்கீது. வேற எதயும் அது வாங்காது."

"அதே கிளி இன்னொண்ணு கீதுடி."

அவள் திரும்பி என் வாசலைப் பார்த்தாள். "உன் கதவா? எங்கம்மா சாவற வரைக்கும் அதக் குடுக்காத ஆளு நீ!"

"உங்கம்மாவுக்குத்தான் குடுக்கல. ஊர்ல யாருக்கும் குடுக்கமாட்டேன்னு சொன்னேனா?"

அப்படித்தான் என் வலது கதவு மேசையாகிப் போய்விட்டது. தேன்மெழுகு போட்டு நானே தேய்த்தேன். அந்த அம்மாள் நேரில் வந்து, "போட்டோல கிளி அந்தப் பக்கம் பாத்துச்சே?" என்றாள். தேவகி முழித்தாள். "எந்தப் பக்கம் பாத்தா இன்னாம்மா, சோத்தப் பாத்தா சரி" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். ஜன்னல், அலமாரி எல்லாவற்றுக்கும் அளவு சொல்லிவிட்டுப் போனாள். உன் பெண் சாயந்திரம் வரைக்கும் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். மேசையை ஏற்றும்போது நான் வண்டிப் பக்கம் போகவில்லை.

உன் கதவு இப்போது என் வாசலில், அது முதலில் நின்ற இடத்தில் நிற்கிறது. கல் குழியில் அடைந்திருந்த மண்ணைத் தோண்டி, கழுவி, நல்லெண்ணெய் விட்டேன். தகரம் வலது பக்கம் போய்விட்டது. "தகரம் ஏன் எடம் மாறிச்சு?" என்று தெருவில் கேட்கிறார்கள். தகரத்துக்கும் ஒரு மாத்தம் வேணாமா என்கிறேன்.

முதல் தடவை திறந்தபோது பழைய சத்தமே வந்தது. விடியற்காலையில் சாணி தெளிக்க நீ வெளியே போகிற சத்தம். படுத்தபடியே கேட்பேன். 'எழுந்துட்டா மகராசி' என்று முணுமுணுத்துவிட்டு மறுபக்கம் புரண்டு படுப்பேன். நீ எழுந்துவிட்டாய், இனி வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அப்புறம் வருகிற தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் எனக்கு வாய்க்கவில்லை.

பூவரசு ஒட்டுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க விடவில்லை. அது தெரியட்டும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் இனி உன் கதவு என் வீட்டில் சாத்தியிருக்காது. அது ஒரு வாக்கு. இன்னொன்றும் சொல்கிறேன். நான் அங்கே வருகிற நாளில் நீ உள்ளேயே நின்றுகொண்டிருக்காதே. கருவாட்டுக் கணக்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வா. எனக்குச் சுற்ற வேண்டியது பாக்கி இருக்கிறது. கதவை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன் கொழுந்தன் பெண்டாட்டி, தேவகிக்குச் சித்தி,
தகரக்காரி கன்னியம்மா