சத்தியத்தை மீறிய அண்ணிக்கு

என் ஆசை அண்ணிக்கு, ஊரே ஓட்டை வாய் என்று கூப்பிட்ட என் அண்ணிக்கு,

நானும்தான் உங்களை அப்படிச் சொன்னேன். என் வீட்டுக்காரரான உங்கள் தம்பியோ, "எங்கக்காகிட்ட ஒண்ணு சொன்னா அரும்பாவூர் பஸ் ஸ்டாண்டுல மைக் வச்சு சொன்ன மாதிரி" என்பார். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. உங்களுக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பழைய கதை கொஞ்சம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது.

தொண்ணூற்றெட்டில் எனக்கு நாள் தள்ளிப்போனது. கல்யாணமாகி மூன்று வருஷம் காத்திருந்து வந்த சந்தோஷம். மூன்று மாதம் முடியுமுன் சொன்னால் கண் பட்டுவிடும் என்று புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. மனசு தாங்காமல் உங்களிடம் மட்டும் சொன்னேன், வாலிகண்டபுரம் ஈஸ்வரன்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு. ஒரு வாரம் எப்படித்தான் வாயைக் கட்டினீர்களோ!

அந்த வாரக் கடைசியில் வெங்காயத் தாள் அறுக்கையில் எனக்கு அடிவயிறு சுருக்கென்றது. தோள்பட்டை வலித்தது. எழுந்தவள் கண் இருட்டி விழுந்துவிட்டேன். வெங்காயம் ஏற்ற வந்த வண்டியில் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு என்னை ஏற்றினீர்கள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, சில்லிட்டுப்போன என் கையில் நாடி பிடித்தபடி, "நாள் ஏதாச்சும் தள்ளிப்போயிருக்கா?" என்று கேட்டார். உங்கள் அம்மா பக்கத்திலேயே நின்றார். நான் என்ன சொன்னேன்? "இல்லீங்க. காலைல சாப்புடல, அதான்." உயிர் போகிற நேரத்திலும் கண் பட்டுவிடுமே என்ற பயம்!

நீங்கள் பாய்ந்தீர்கள். "பொய் சொல்றா டாக்டரம்மா! அம்பது நாளா முழுகாம இருக்கா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. சாமி என் கண்ண வேணும்னா குத்தட்டும், இவளக் காப்பாத்துங்க!"

கரு கருப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருந்தது. வெளியே ஒரு சொட்டு தெரியவில்லை, வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்துகிடந்தது. "ஷாக்குல இருந்தம்மா நீ. பிரஷரே கெடைக்கல. அவங்க சொல்லலன்னா நாங்க வேற எதையோ தேடிக்கிட்டு இருந்திருப்போம்" என்றார் டாக்டரம்மா, ஆபரேஷனுக்குப் பிறகு. போன குழந்தைக்காக நான் அழுதேன், நீங்களும் கூட அழுதீர்கள். அழுது முடித்து, "சத்தியத்த மீறிட்டேன்டி, அபராதம் கட்டணும்" என்று வாலிகண்டபுரம் போய்த் தேங்காய் உடைத்தீர்கள். அதில் ஒரு மூடியைத் துவையல் அரைத்து எனக்கே ஊட்டினீர்கள்.

இரண்டு வருஷத்தில் என் மகள் பிறந்தாள். ஒரே குழாயோடு பெற்றவள் என்று அதையும் ஊரெல்லாம் சொன்னது நீங்கள்தான்.

இப்போது சேதிக்கு வருகிறேன். போன வாரம் உங்கள் மகள் கலா வந்திருந்தாள். வெட்கத்தோடு, "அத்தை, நாப்பத்தஞ்சு நாளாச்சு. மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. வாலிகண்டபுரம் ஈஸ்வரன்மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள். அதே சாமி! பண்ணினேன்.

மறுநாள் காலையில், "லேசா வயிறு இழுத்துப் புடிக்குதுத்தை" என்றாள். சத்தியமாவது ஒன்றாவது! போனைப் போட்டு அவள் மாமியாரிடம் சொன்னேன், மாப்பிள்ளையிடம் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போன பஸ்ஸில் எழுந்து இடம் தராத ஆளிடமும் சொன்னேன். "அத்தை, வாய மூடுங்க" என்று வழியெல்லாம் கிள்ளிக்கொண்டே வந்தாள். ஸ்கேன் அறைக்குள்ளும் அவளுக்கு முன்னால் நானே நுழைந்தேன்.

கருப்பைக்குள்ளேதான் இருக்கிறது, அண்ணி! கடுகளவு ஒன்று திரையில் துடிக்கிறது. நானும் கலாவும் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள். நீங்கள் அம்மாயி ஆகப்போகிறீர்கள். இந்தச் சேதியை நீங்கள் சொல்லித் திரிய இங்கே இல்லையே என்பது ஒன்றுதான் குறை.

வெள்ளிக்கிழமை வாலிகண்டபுரம் போகிறேன், என் அபராதத் தேங்காயை உடைக்க. ஒரு மூடியைத் துவையல் அரைத்துக் கலாவுக்கு என் கையால் ஊட்டுவேன். அவள் பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்கியதும் உங்கள் வாயைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். இந்த ஒரு சத்தியத்தை மட்டும் மீற மாட்டேன்.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
இப்போது ஊருக்கு அடுத்த ஓட்டை வாய்,
வசந்தா